தீர்ப்பை எழுதிவைத்துவிட்டு விசாரணை

கயத்தாறு பைபாஸ் ஓரத்து டீக்கடையில் ஆடி மாதம் உட்கார்ந்தால் கிளாஸைக் கீழே வைக்க முடியாது. காற்று அப்படி. காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் நிலையத்தை மத்திய அரசு இங்கே வைத்தது சும்மா இல்லை. அப்படி ஒரு சாயங்காலம் என் தம்பி மகள் வந்திருந்தாள். எல்.எல்.எம். முடித்துவிட்டு கோவில்பட்டி கோர்ட்டில் ஜூனியராக இருக்கிறாள். சட்டத்தில் பி.எச்டி. செய்ய ஆசை. பறக்கப் பார்த்த ஒரு தாளை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள். "இந்தியாவில் பெண்களின் உரிமைகளும் அரசியல் சாசனமும்: ஓர் ஆய்வு."

"தலைப்பு எப்படி இருக்கு பெரியப்பா?"

"நல்லாத்தான் இருக்கு. இதுல உனக்குத் தெரியாதது என்ன?"

கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நான் கேட்டது நிஜமாகத்தான். வக்கீல் தொழிலில் கட்சிக்காரர் நாற்காலியில் உட்காரும்போதே முடிவு தெரிந்துவிடும்: இவர் ஜெயிக்க வேண்டும். அதற்குத் தோதான தீர்ப்புகளைத் தேடுவதும், தோதில்லாதவற்றை ஒதுக்க வழி பார்ப்பதும் தொழில். அதில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் ஐந்தாறு வருஷம் அப்படிப் பழகிய புத்தியோடு ஆய்வுக்கு வந்தால் முன்னூறு பக்கத்துக்கு ஒரு நீளமான மனு தயாராகும், அவ்வளவுதான். சட்ட ஆய்வு மாணவருக்குப் பயிற்சி என்று எதைத் திட்டமிட்டாலும் முதலில் அந்தப் பழக்கத்தைக் கழற்ற வேண்டும்.

ரோட்டோரத்தில் நிற்கும் கட்டபொம்மன் சிலையைக் காட்டினேன். சிவாஜி கணேசன் இடம் வாங்கி வைத்த சிலை. 1799 அக்டோபர் 16 அன்று பாளையக்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மேன் ஒரு விசாரணை நடத்தி, அன்றைக்கே கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கில் போட்டான். எல்லாருக்கும் தெரிந்த கதை. "இதுல ஒரு சட்டக் கேள்வி கேளு பார்ப்போம்" என்றேன்.

"அநியாயமா தூக்குல போட்டாங்க."

"அது தீர்ப்பு. கேள்வியக் கேளு."

அவள் யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டாள். நான் கொஞ்சம் எடுத்துக்கொடுத்தேன். 1792 உடன்படிக்கையில் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் அதிகாரம் ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனிக்கு வந்தது. நவாபின் நாடு முழுதாகக் கம்பெனியின் கைக்கு வந்தது 1801இல். சென்னையில் 1798இலேயே ரெக்கார்டர் கோர்ட் என்று ஒன்று இருந்தது. ஆனால் அதன் கை இந்தச் சீமை வரைக்கும் நீளாது. ஜில்லா கோர்ட்டுகள் 1802இல்தான் வந்தன. அப்படியானால் 1799இல், கப்பம் மட்டும் வாங்க உரிமை உள்ள ஒரு கம்பெனியின் ராணுவ அதிகாரி, எந்த அதிகாரத்தில் மரண தண்டனை கொடுத்தான்? போர்ச் சட்டமா, நவாபின் பெயரிலா, இல்லை கப்பம் கட்டாதவன் கலகக்காரன் என்ற ஒரே கணக்கா?

"இது எனக்குத் தெரியாது பெரியப்பா" என்றாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஆய்வு அந்த வாக்கியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்த டீ வந்தது. இனி விதிமுறை.

யு.ஜி.சி. 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகள்தான் இப்போது நடப்பு. குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு வருஷம் கிடைக்கும். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு உண்டு. மகப்பேறுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு. கோர்ஸ் ஒர்க் 12இலிருந்து 16 கிரெடிட். அதில் ஆய்வு நெறி, வெளியீட்டு நெறி பற்றிய தாள் கட்டாயம். முன்பு பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்கலாம் என்று இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம் என்பேன். அந்த ஒரு கட்டுரைக்காகக் காசு வாங்கிப் போடும் பத்திரிகைகள் எத்தனை முளைத்தன!

கோர்ஸ் ஒர்க்கைப் பரீட்சை மாதிரி தள்ளிவிடுகிறவர்கள்தான் அதிகம். சட்டத்துக்கு அது ரொம்ப முக்கியம். எல்.எல்.பி.யிலும் எல்.எல்.எம்.மிலும் தீர்ப்பை வாசிக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். தீர்ப்பு எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்று பார்க்கச் சொல்லிக்கொடுப்பது குறைவு. உதாரணத்துக்கு, 1904இல் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் வந்த அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல் வழக்கு. பாக் விரிகுடாவில், ராமநாதபுரம் கரையோரக் கடலடியில் சங்கு எடுத்தது திருட்டா என்பது விவகாரம். கடலுக்கு அடியில் கிடக்கிற சங்கு ஒருவருடைய வசத்தில் இருக்க முடியுமா? நூல்வழி ஆய்வு செய்கிறவர் இந்தத் தீர்ப்பையும், இதை மேற்கோள் காட்டிய பிந்தைய தீர்ப்புகளையும் வரிசைப்படுத்தி வாதம் எப்படி நகர்ந்தது என்று பார்ப்பார். களஆய்வு செய்கிறவர் தூத்துக்குடிக்குப் போய், இன்றைக்கும் சங்கு குளிக்கிறவர்களிடம், இந்தக் கடல் யாருடையது என்று நீங்கள் நினைக்கிறீர்கள் எனக் கேட்பார். கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான், பயிற்சிதான் வேறு.

களத்துக்குப் போகும் வக்கீலுக்கு ஒரு வியாதி உண்டு. குறுக்கு விசாரணைப் பழக்கம். "லைசென்ஸ் இல்லாம நீங்க கஷ்டப்படுறீங்க, அப்படித்தான?" என்று கேட்டுவிடுவார். எதிரே இருப்பவர் மரியாதைக்கு ஆமாம் என்பார். கோர்ட்டில் முதல் விசாரணையில் லீடிங் கொஸ்டின் போட்டால் எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். களத்தில் எழுந்து நிற்க யாரும் இல்லை. அந்த எதிர்த்தரப்பு வேலையை கைடு செய்ய வேண்டும். கேள்விப் பட்டியலை அவர் முன்னால் வைத்து அடி வாங்காமல் களத்துக்கு இறங்கவே கூடாது. சமூகவியலோ வரலாறோ தெரிந்த ஒருவரை இணை நெறியாளராக வைக்க விதியில் இடம் இருக்கிறது. சட்டத் துறைகளில் அந்த வசதியை இன்னும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கைடு விஷயத்துக்கு வருவோம். பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டுப் பேர் வரை, இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நாலு. அதற்கு மேல் எடுக்கக் கூடாது. ஓய்வு பெற மூன்று வருஷத்துக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. ஆகவே கைடு பெரிய ஆளா என்று விசாரிப்பதற்கு முன், கையில் இடம் இருக்கிறதா, சர்வீஸ் எத்தனை வருஷம் பாக்கி என்று கேட்டுவிடு என்றேன். பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பளம் கேட்கிற மாதிரி இருக்குமே என்று தயங்கினாள். இருக்கட்டும். அவரிடம் முன்பு படித்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள் என்பதையும் அவர்களிடமே கேள். அவர்களுடைய ஆய்வேடுகள் பெரும்பாலும் சோத்கங்கா இணையதளத்தில் கிடக்கும். நாலு அத்தியாயம் வாசித்தால் கைடு திருத்துகிறவரா, கையெழுத்து மட்டும் போடுகிறவரா என்று தெரிந்துபோகும்.

என் கதையையும் சொன்னேன். நான் எழுதிக்கொடுத்த மூன்றாவது அத்தியாயம் ஒருவர் மேஜையில் ஒன்பது மாதம் தூங்கியது. கேட்கப் பயம். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று. திரும்பி வந்தபோது முதல் பக்கத்தில் ஒரு கமா சேர்த்திருந்தார். அவரை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. எப்போது திருப்பித் தருவது என்று நாங்கள் இருவருமே எங்கேயும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

ஜெர்மன்காரர்கள் கைடை 'முனைவர் அப்பா' என்று பொருள்படும் சொல்லால் அழைப்பார்கள். நம் குருகுலத்துக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் அதே ஐரோப்பாவில் 2005இல் சால்ஸ்பர்க்கில் கூடியவர்கள், மேற்பார்வை என்பது மாணவர், நெறியாளர், நிறுவனம் மூவரும் பொறுப்பைப் பங்கிட்டு வெளிப்படையாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தமாக இருக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தார்கள். ஒப்பந்தம் என்றால் நமக்குப் புதுசா? சட்டம் படித்தவர்கள் வாடகை வீட்டுக்குக்கூடப் பத்திரம் எழுதுகிறோம். ஆறு வருஷ உறவுக்கு ஒரு தாள் எழுதுவதில்லை. மாதம் எத்தனை சந்திப்பு, அத்தியாயம் எத்தனை வாரத்தில் திரும்பும், சந்திப்பில் பேசியதை அன்றைக்கே மாணவர் நாலு வரியில் எழுதி மெயில் போடுவது: இவ்வளவு போதும். ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வுக் குழு முன் நின்று காட்ட வேண்டும் என்று விதியே சொல்கிறது. அந்த நாலு வரிகள் இருந்தால் குழுவுக்கு முன் நிற்கும்போது வாய் குழறாது.

"நான் பார்ட் டைம்லதான் சேர முடியும். கேஸ விட முடியாது" என்றாள். நெட்டில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய் என்பதை ஞாபகப்படுத்தினேன். முழு நேரமாகச் சேர அது ஒரு துணிச்சல் கொடுக்கும். முடியாதென்றால் கோர்ட்டின் காலண்டரை வைத்தே ஆய்வின் காலண்டரைப் போட வேண்டும். மே மாத விடுமுறை எழுத்துக்கு. தசராவும் கிறிஸ்துமஸும் களத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ. வாய்தா கிடைக்கிற நாளில் எழுதிக்கொள்ளலாம் என்றால் ஆய்வும் வாய்தாவிலேயே போகும்.

கடைசியாக ஒரு பயம் இருந்தது அவளுக்கு. சட்ட ஆய்வேட்டில் சட்டப் பிரிவுகளை அப்படியே போட வேண்டியிருக்கிறதே, சாஃப்ட்வேர் காப்பி என்று காட்டாதா? யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி சட்டங்களின் வாசகமும், முறையாகக் குறிப்பிட்ட மேற்கோளும் அந்தக் கணக்கில் சேராது. மீதியில் பத்து சதவீதம் வரை தண்டனை இல்லை. அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் என் கவலை சாஃப்ட்வேர் பற்றியது அல்ல. பக்கம் பக்கமாகத் தீர்ப்பை ஒட்டிவிட்டு 'மேற்கண்டதிலிருந்து தெளிவாகிறது' என்று ஒரு வரி எழுதுவதை எந்த சாஃப்ட்வேரும் பிடிக்காது. அதைக் கைடுதான் சிவப்பு மையில் பிடிக்க வேண்டும்.

டீக்கடைக்காரர் ஷட்டர் பக்கம் பார்க்க ஆரம்பித்திருந்தார். அவள் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினாள்: '1792 உடன்படிக்கைக்குப் பின் பாளையக்காரர்கள் மீது கம்பெனிக்குத் தண்டிக்கும் அதிகாரம் இருந்ததா?' அடித்தாள். 'எங்கிருந்து வந்தது?' என்று மாற்றினாள். பிறகு அதையும் அடித்துவிட்டு, முதலில் எழுதியதையே திரும்ப எழுதினாள்.

"இதுக்குக் காகிதமெல்லாம் எங்க பெரியப்பா இருக்கும்?"

"பானர்மேன் எழுதின கடிதங்கள கால்டுவெல் 1881இல் போட்ட திருநெல்வேலிச் சரித்திரத்துல பார்க்கலாம். அத மட்டும் நம்பாத. மூலத்துக்குத் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கோவில்பட்டியில முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினா காலையில எழும்பூர். ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா காந்தி இர்வின் ரோட்டுலயே இருக்கு."

"டிக்கெட் இப்பவே போட்டுரவா?" என்று போனை எடுத்தாள். காற்றில் கூந்தல் முகத்தை மூட, அவள் தேதி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டீக்குக் காசு கொடுக்க எழுந்தேன்.