இருதய ஆபரேஷன் அறையில் பதுங்கிய கிருமி! 3 வருஷம் கழித்து காய்ச்சல் வந்த மர்மம்

சுவிட்சர்லாந்து நாட்டில் உள்ள சூரிச் நகரம். அங்குள்ள பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் 2008-ம் ஆண்டில் இருந்து 2012-ம் ஆண்டுக்குள், வெவ்வேறு சமயங்களில் 6 பேருக்கு இருதய ஆபரேஷன் நடந்தது.

ஆபரேஷன் வெற்றி. புண் ஆறியது. 6 பேரும் வீடு திரும்பினார்கள்.

ஆனால் ஒன்றரை வருஷம் முதல் மூன்றரை வருஷம் வரை கழிந்த பிறகு அவர்களுக்கு ஒரே மாதிரி தொல்லை ஆரம்பித்தது. விட்டு விட்டு காய்ச்சல், ராத்திரியில் உடம்பு நனைய வியர்வை, எடை குறைவு, மூச்சு வாங்குதல், ஓயாத அசதி!

வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் சிக்கவில்லை. டாக்டர்கள் குழம்பினார்கள்.

ஆமை வேகம்

காரணம் என்ன? சாதாரண கிருமிகள் சில, 20 நிமிஷத்தில் ஒன்று இரண்டாகப் பெருகும். பரிசோதனைக் கூடத்தில் ஒன்றிரண்டு நாளில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இது அப்படி அல்ல. டி.பி. நோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி. ஆமை வேகத்தில்தான் வளரும். தனி முறையில் வளர்த்து, வாரக்கணக்கில் காத்திருந்தால்தான் முகம் காட்டும்.

இதன் பெயர் 'மைக்கோபாக்டீரியம் கிமேரா'. 2004-ம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் இதைத் தனி இனமாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். கிமேரா என்பது கிரேக்கக் கதையில் வரும் விநோத மிருகம். சிங்கத் தலை, ஆட்டு உடல், பாம்பு வால்! நம் கோவில் தூணில் நிற்கும் யாளி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

டி.பி. போல இது ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. குழாய்த் தண்ணீரிலும் மண்ணிலும் சாதாரணமாக இருப்பதுதான். அப்படியானால் நெஞ்சுக்குள்ளே எப்படிப் போனது?

தண்ணீர்த் தொட்டி

நோயாளிகளிடம் கிடைத்த கிருமிகள் ஒரே வகையாக இருந்தன. எனவே எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருந்துதான் வந்திருக்க வேண்டும் என்ற சந்தேகம் எழுந்தது. 2012-ல் விசாரணை தொடங்கியது.

திறந்த இருதய ஆபரேஷனில் இருதயத்தை நிறுத்தி வைப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு எந்திரம் ரத்தத்தை ஓட்டும். ரத்தத்தைக் குளிர வைக்கவும், பிறகு சூடாக்கவும் பக்கத்தில் இன்னொரு எந்திரம் நிற்கும். அதற்குள் தண்ணீர்த் தொட்டி உண்டு.

இந்தத் தண்ணீர் ரத்தத்தைத் தொடுவதே இல்லை. தனிக் குழாயில் போய், தனிக் குழாயில் திரும்பி வரும். அதனால் இதன் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பரிசோதித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. தொட்டித் தண்ணீரில் கிமேரா! எந்திரம் ஓடும்போது ஆபரேஷன் அறைக் காற்றிலும் கிமேரா!

காட்டிக் கொடுத்த விசிறி

தொட்டிக்குள் குமிழிகள் உடையும்போது கண்ணுக்குத் தெரியாத நீர்த் துளிகள் கிளம்புகின்றன. எந்திரத்தின் சூட்டை வெளியேற்ற வைத்த விசிறி, அவற்றை அறைக்குள் ஊதித் தள்ளுகிறது. திறந்திருக்கும் நெஞ்சிலும், வைக்கப்போகும் செயற்கை வால்விலும் அது படிகிறது.

சூரிச்சில் எந்திரத்தின் பக்கம் புகை விட்டுப் பார்த்தார்கள். அரை நிமிஷத்துக்குள் அது ஆபரேஷன் மேஜையை எட்டிவிட்டது! கூரையில் இருந்து இறங்கிய சுத்தமான காற்றையும் விசிறி வென்றுவிட்டது.

இந்தக் கிருமிக்கு மெழுகு போன்ற மேலுறை உண்டு. குழாய்க்குள் பாசி மாதிரி படலம் கட்டி ஒட்டிக்கொள்ளும். மருந்து ஊற்றிக் கழுவினாலும் லேசில் போகாது.

தொழிற்சாலையிலேயே...

மற்ற ஐரோப்பிய நாடுகளிலும், அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலும் இதே போல நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அவர்களிடம் கிடைத்த கிருமிகளின் மரபணுவை ஒப்பிட்ட ஆராய்ச்சி 2017-ல் வெளிவந்தது. பெரும்பாலும் எல்லாம் ஒரே வம்சம். ஜெர்மனியில் அந்த எந்திரம் தயாரான தொழிற்சாலையிலேயே கிருமி புகுந்திருக்க வேண்டும் என்று அது காட்டியது.

அமெரிக்காவில் அப்போது ஆண்டுக்கு 2½ லட்சத்துக்கும் மேற்பட்ட இருதய ஆபரேஷன்களில் இவ்வகை எந்திரங்கள் ஓடின. அவற்றில் சுமார் 60 சதவீதம், சந்தேகத்துக்கு ஆளான அந்த ஒரே மாடல்! நோயாளிகளுக்குத் தகவல் சொல்லும்படி 2016 அக்டோபரில் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் ஆஸ்பத்திரிகளைக் கேட்டுக்கொண்டது.

அதற்காக யாரும் பீதி அடைய வேண்டாம். நோய் கண்டுபிடிக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில்கூட, 100 பேரில் ஒருவர் முதல் 1,000 பேரில் ஒருவர் வரைதான் பாதிக்கப்படலாம் என்று அந்த மையம் கணக்கிட்டது. ஆபரேஷனைத் தள்ளிப் போடுவதுதான் பெரிய ஆபத்து.

ஆனால் வந்துவிட்டால் கடுமைதான். 3, 4 மருந்துகளை ஒரு வருஷம், அதற்கு மேலும் சாப்பிட வேண்டும். பலருக்கு மறுபடியும் ஆபரேஷன். பதிவான நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேரைக் காப்பாற்ற முடியவில்லை.

பல ஆஸ்பத்திரிகளில் எந்திரத்தை ஆபரேஷன் அறைக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். முடியாத இடங்களில் விசிறியை நோயாளிக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள்.

மறக்காமல் சொல்லுங்கள்

இந்த நோயை வேறு வியாதி என்று நினைத்து, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களும் உண்டு. கிருமிக்கு அது விருந்து வைத்த மாதிரி!

எனவே திறந்த இருதய ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வாரக்கணக்கில் காய்ச்சல், ராத்திரி வியர்வை, காரணம் இல்லாத இளைப்பு இருந்தால் சும்மா இருக்கக்கூடாது. "அது எப்பவோ பண்ணின ஆபரேஷன், இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்று விட்டுவிடவும் கூடாது.

எந்த டாக்டரிடம் போனாலும் முதலில், எந்த வருஷம், என்ன ஆபரேஷன் என்பதைச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை இருந்தால்தான் டாக்டர் சரியான பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார்.