தசமபாகமும் வேதப் பிரமாணமும்

ஒருவர் தமக்கு மேலான நடுவரென்று எந்தச் சாஸனத்தை ஒப்புக்கொண்டிருக்கிறாரோ, அதைக் கொண்டே அவருடைய நடத்தையை அளப்பதில் அநியாயம் யாதுமில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள சுவிசேஷ சபையார், பாரம்பரியத்தையும் போப்பாண்டவரின் அதிகாரத்தையும் ஒதுக்கி, வேதாகமம் ஒன்றே பிரமாணம் என்று சாதிப்பவர்கள். அவர்களுள் பலருடைய பிரசங்க மேடைகளிலிருந்து எழும் ஒரு கோரிக்கையை அப்பிரமாணத்தின் முன் நிறுத்திப் பார்ப்போம். வருமானத்தில் பத்திலொரு பங்கைச் சபைக்குச் செலுத்தாதவன் தேவனுடைய பொருளைத் திருடியவனாவான் என்பதே அது. வாடகைக்கும் மருந்துக்கும் போதாத கூலியிலிருந்து முதலில் பத்திலொன்றை எடுத்துவைக்கும் ஏழைக்கு இஃது வெறும் சாஸ்திர விவாதமன்று.

அவர்கள் காட்டும் முக்கிய ஆதாரம் மல்கியாவின் மூன்றாம் அதிகாரம், பத்தாம் வசனம். தசமபாகத்தைப் பண்டசாலையில் சேர்க்கும்படி அங்கே சொல்லியிருப்பது மெய்யே. ஆயினும், நியாயஸ்தலத்தில் பழகியவர் எவரும் ஒரு பத்திரத்தின் ஒற்றை ஷரத்தைக் கிழித்தெடுத்து வாதிக்கத் துணியார். அந்தப் பண்டசாலை எருசலேம் ஆலயத்தில் தானியம் முதலியவை வைக்கப்பட்ட அறை என்பது நெகேமியாவின் புத்தகத்தால் விளங்கும். அன்றியும், அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனம், கூலிக்காரனை வஞ்சிப்பவரையும் விதவையை ஒடுக்குபவரையும் எச்சரிக்கிறது. பத்தாம் வசனத்தை மனப்பாடமாக ஒப்புவிக்கும் வாய்க்கு ஐந்தாம் வசனம் ஏனோ கசக்கிறது.

தசமபாகத்தின் விதிகளை அறிய உபாகமம் 14ஆம் அதிகாரத்தைப் புரட்டவேண்டும். அங்கே அது தானியமும் திராட்சரசமும் எண்ணெயுமாகிய விளைபொருள். அக்காலத்தில் பணம் வழங்கவில்லை என்று சமாதானம் சொல்லவும் இடமில்லை. ஆலயம் தொலைவாயின், விளைபொருளைப் பணமாக்கிக் கொண்டுபோய், அங்கே விரும்பியதை வாங்கிக் குடும்பத்தோடு உண்டு மகிழலாம் என்று அதே அதிகாரம் அனுமதிக்கிறது. கொடுப்பவனே உண்ணும் தசமபாகம்! இப்பகுதியை மேடையில் விரித்துரைப்பார் அரியர். மூன்றாம் வருஷத்திலோ அப்பங்கு ஊரிலேயே வைக்கப்பட்டு, லேவியர், அந்நியர், திக்கற்ற பிள்ளைகள், விதவைகள் ஆகியோரின் பசியாற்றவேண்டும். லேவியருக்குத் தசமபாகத்தை ஒதுக்கும் எண்ணாகமம் 18ஆம் அதிகாரம், அவர்களுடைய ஆலய ஊழியத்தோடு, அவர்களுக்குக் காணியாட்சி இல்லாமையையும் காரணமாகச் சொல்கிறது. சொந்த விமானத்தில் பறக்கும் போதகருக்கு இக்காரணம் எங்ஙனம் பொருந்தும்?

நியாயப்பிரமாணத்துக்கு முன்பே ஆபிரகாம் கொடுத்தானே என்பர். அவன் கொடுத்தது யுத்தத்தில் மீட்ட பொருளிலிருந்து. அதுவும் ஒரு முறை கொடுத்ததாகவே வேதம் கூறுகிறது. சுவிசேஷ ஊழியனைச் சபை போஷிக்கவேண்டுமென்று பவுல் சொன்னதுண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், கட்டாயமின்றித் தத்தம் மனத்தில் நிச்சயித்தபடி கொடுக்கவேண்டுமென்கிறார். பத்திலொன்று என்ற பேச்சே அங்கில்லை. அவரோ கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்தவர்.

அட்லாண்டா அருகே பெருஞ்சபை நடத்தும் கிரெஃப்லோ டாலர் என்னும் போதகர், 2015இல் ஆறரைக் கோடி டாலர் விலையுள்ள ஜெட் விமானத்திற்காக அன்பர்களிடம் காணிக்கை கேட்டவர். 2022 ஜூனில் அவரே, தசமபாகத்தைப் பற்றித் தாம் இதுகாறும் போதித்தது பிழை என்று மேடையில் அறிவித்து, அவ்விஷயமான தம் புத்தகங்களை எறிந்துவிடச் சொன்னார். புத்தகத்தை எறிவது எளிது. அதை நம்பி வருஷக்கணக்காகக் கொடுத்தவனுடைய பணத்துக்கு என்ன பரிகாரம்?

கணக்கு விஷயத்திலும் பவுலின் வழி வேறு. எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைத் தாம் தனியே கொண்டுபோகாமல், சபைகள் தெரிந்தெடுத்தவரையும் உடன் சேர்த்துக்கொண்டார். தம்மேல் எவரும் குற்றம் சொல்ல இடமிருக்கக்கூடாதென்று காரணமும் எழுதினார். 2007இல் செனட்டர் சார்ல்ஸ் கிராஸ்லி, டாலருடைய ஸ்தாபனம் உட்பட ஆறு தொலைக்காட்சி ஊழியங்களிடம் வரவுசெலவு விவரம் கேட்டார். இரண்டே முழுதும் ஒத்துழைத்தன. 2011இல் விசாரணை தண்டனை ஏதுமின்றி முடிந்தது. வருஷாந்தரக் கணக்கை வரி இலாகாவுக்குத் தாக்கல் செய்யவேண்டிய கடமையிலிருந்து அந்நாட்டுச் சபைகளுக்குச் சட்டம் இன்றும் விலக்களித்தே வருகிறது.