சைரன் ஒலிக்காத விபத்துகள்... தூய்மைப் பணியாளர்களைக் காயப்படுத்துவது எது?

நெய்வேலியில் யாராவது 'ஆக்ஸிடென்ட்' என்று சொன்னால், கேட்பவரின் கண் தானாக அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் பக்கம்தான் திரும்பும். காரணம் இருக்கிறது. 2020 மே 7 அன்று, என்.எல்.சி-யின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 6-வது யூனிட்டின் பாய்லர் வெடித்தது. இரண்டு மாதம்கூட முடியவில்லை. ஜூலை 1 காலை அதே நிலையத்தின் 5-வது யூனிட்டில் அடுத்த வெடிப்பு. சம்பவ இடத்திலேயே 6 பேர் இறந்தார்கள். தீக்காயத்தோடு சென்னைக்குக் கொண்டுபோனவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை. விசாரணைக் குழு வந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. இழப்பீடு அறிவிக்கப்பட்டது.

இந்தக் கட்டுரை பாய்லரைப் பற்றியது அல்ல. அதே ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் தினமும் விடியற்காலையில் துடைப்பத்தோடு தெருவில் இறங்குகிறவர்களைப் பற்றியது. அவர்களுக்கும் வேலையில் அடிபடுகிறது, நோய் வருகிறது. ஆனால், அதற்கு எந்த சைரனும் ஒலிப்பதில்லை.

நெய்வேலி நகரியம் கொஞ்சம் வித்தியாசமான ஊர். மற்ற ஊர்களில் நகராட்சி செய்கிற வேலையை இங்கே நிறுவனத்தின் நகர நிர்வாகமே செய்கிறது. தெரு, குடிநீர், விளக்கு, குப்பை எல்லாமே அதன் பொறுப்பு. ஆர்ச் கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் வடலூர் நகராட்சி, பண்ருட்டி நகராட்சி, பேரூராட்சிகள், ஊராட்சிகள் என்று நிர்வாகம் மாறிவிடும். போர்டுதான் மாறும். குனிந்து குப்பை அள்ளுகிற முதுகுக்கு நேர்வது எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

பையைக் கட்டியது யார்?

தூய்மைப் பணியாளர் கையில் ஊசி குத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே வருகிற கேள்வி, "கிளவுஸ் போடலையா?" என்பதுதான். அதிகாரியும் கேட்பார், வீட்டுக்காரரும் கேட்பார், சில நேரம் மருத்துவரும் கேட்பார். அந்த ஊசியைச் சாம்பார் சாதத்தோடு சேர்த்துப் பையில் போட்டுக் கட்டியது யார் என்று கேட்க மாட்டார்கள்.

வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் இப்போது எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். உடைந்த டம்ளர், ஷேவிங் பிளேடு, பியூஸ் போன டியூப் லைட், குழந்தையின் டயப்பர் எல்லாம் ஒரே கறுப்புப் பைக்குள் போகின்றன. அதைப் பிரித்துத் தர வேண்டிய வேலை வீட்டில் நடக்காததால், குப்பை வண்டியின் ஓரத்தில் நின்று கையால் நடக்கிறது. மருத்துவமனையில் நர்ஸுக்கு ஊசி குத்தினால், யாருக்குப் போட்ட ஊசி என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். தெருவில் குத்தினால் யாருடையது என்று எப்படித் தேடுவது?

கையுறை தரவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சீருடை, ஒளிரும் ஜாக்கெட், கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் தர வேண்டும் என்று இருந்தது. ஆனால், மெல்லிய ரப்பர் கையுறை அழுக்கைத்தான் தடுக்கும். ஊசியையோ கண்ணாடிச் சில்லையோ தடுக்காது. கத்திரி வெயிலில் அரை மணி நேரம் போட்டிருந்தாலே உள்ளே வியர்வை தேங்கி விரலிடுக்கு வெந்துபோகும். கைக்குப் பொருந்தாத சைஸ் என்றால் துடைப்பத்தைப் பிடிக்கவே முடியாது. பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் ஒரு வரிசை சொல்வார்கள்: முதலில் ஆபத்தையே அகற்று, முடியாவிட்டால் ஆபத்துக்கும் ஆளுக்கும் நடுவே தடுப்பு வை, கடைசியாகத்தான் கவசம். நம் ஊர்களில் கடைசியில் இருந்து ஆரம்பித்து, அதோடு முடித்தும் விடுகிறோம்.

எடை, வெயில், பாத்ரூம்

ஊசி, கண்ணாடியெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற காயம். ஆளை முடக்குவது பெரும்பாலும் வேறு. ஈரக்குப்பை எடை கூடியது. பண்ருட்டிப் பக்கம் பலா சீசனில் குப்பைத்தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் தெரியும், சக்கையும் தோலும் எவ்வளவு கனம் என்று. தொட்டியை இடுப்புயரத்துக்குத் தூக்கி, தோளுக்கு மேலே கொண்டுபோய் டிப்பரில் கவிழ்க்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை தடவை? குட்டைக் கைப்பிடித் துடைப்பம் என்றால் பெருக்குகிற நேரம் முழுக்க குனிந்தபடிதான். இடுப்பு, தோள், முழங்கால் மூன்றும் நாற்பது வயதிலேயே தேய்ந்துபோகின்றன. இதை யாரும் விபத்து என்று எழுத மாட்டார்கள். 'வயசாகிவிட்டது' என்று சொல்லிவிடுவார்கள்.

வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. ஆனால், தூய்மைப் பணியாளர் வெயிலில் தண்ணீர் குடிக்கவே யோசிக்கிறார், குறிப்பாகப் பெண்கள். குடித்தால் சிறுநீர் கழிக்க இடம் வேண்டும். காலை மஸ்டர் முடிந்து தெருவுக்கு வந்துவிட்டால் பல இடங்களில் கழிப்பறையே கிடையாது. அடக்கி அடக்கியே சிறுநீர்த் தொற்று வருகிறது. இது நோயா, வேலை தந்த காயமா? என்னைக் கேட்டால் இரண்டாவதுதான்.

அப்புறம் சாலை. விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நெடுஞ்சாலை பண்ருட்டி, நெய்வேலி, வடலூர் வழியாகத்தான் போகிறது. இருட்டு விலகாத நேரத்தில், ஓரத்தில் குனிந்து பெருக்கும் ஒருவர் லாரி டிரைவரின் கண்ணில் படுவது கஷ்டம். ஒளிரும் ஜாக்கெட்டின் பட்டை, துவைத்துத் துவைத்து மங்கியிருந்தால் இன்னும் கஷ்டம்.

மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் இருக்கும் சின்ன வெடிப்பு வழியாகவே உடம்புக்குள் போய்விடும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று ஆரம்பித்து, கவனிக்காவிட்டால் சிறுநீரகம் வரை போகும். 'தண்ணியில நின்னு வேலை பார்த்தேன்' என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், சாதாரண ஜுர மாத்திரையோடு அனுப்பிவிட மாட்டார்.

ஊராட்சிகளில் ஓ.எச்.டி ஆபரேட்டர் என்று ஒருவர் இருப்பார். மேல்நிலைத் தொட்டியில் ஏறிச் சுத்தம் செய்வதும், பிளீச்சிங் பவுடர் கலப்பதும் அவர் வேலை. ஏணியின் உயரமும் குளோரின் நெடியும் அவருக்கான ஆபத்து. அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

இரண்டாவதாக இறங்குபவர்

எல்லாவற்றிலும் கொடியது சாக்கடைக் குழியும் செப்டிக் டேங்கும்தான். கழிவுநீர் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. அதன் பிறகும் சாவுகள் நிற்கவில்லை; நாடாளுமன்றத்தில் தரப்படும் கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் வீசும் என்று படித்திருப்போம். ஆனால், அளவு கூடும்போது அந்த வாயு முதலில் கொல்வது மோப்ப உணர்வைத்தான். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கிற நேரமே ஆபத்தான நேரம். முதலில் இறங்கியவர் மயங்கி விழுந்ததும் காப்பாற்ற இறங்குகிற இரண்டாவது ஆளும் அங்கேயே விழுகிறார். பல சம்பவங்களில் இப்படித்தான் ஒன்றுக்கு மேற்பட்ட சாவு.

2014 மார்ச் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்தச் சாவுகளுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம். உங்கள் வீட்டு செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டால் 14420 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் போதும், இயந்திரம் வைத்துள்ளவர்கள் வருவார்கள். தெரிந்த ஆளை அழைத்து 'கொஞ்சம் இறங்கிப் பாருப்பா' என்று சொல்வது சட்டப்படி குற்றம்.

கணக்கில் வராதவர்கள்

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், ஒரு தொழிலாளி காயத்தால் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாவிட்டால் ஆய்வாளருக்குத் தகவல் தர வேண்டும் என்று இருந்தது. தெரு, தொழிற்சாலை இல்லையே! அதனால் தெருவில் கிழிந்த கை எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் மற்ற நிறுவனங்களுக்கும் இந்தக் கடமையை விரித்திருக்கிறது. ஆனால், தினக்கூலிக்கு வருபவர் ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு. கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளே வந்து நிற்பார். 48 மணி நேரம் எங்கே முடிகிறது?

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், பணியைத் தனியாருக்குத் தருவதை எதிர்த்து 13 நாள் உட்கார்ந்தார்கள். 13-ம் தேதி நள்ளிரவில் கைதானார்கள். மறுநாள் அமைச்சரவை கூடி ஆறு திட்டங்களை அறிவித்தது. அதில் முதலாவது, தொழில்சார் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை தரத் தனித் திட்டம். காலை உணவும் அந்தப் பட்டியலில் இருந்தது; செய்திகளில் அதுதான் அதிகம் பேசப்பட்டது. நோய்த் திட்டம்தான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. 'இந்த வேலையால் நோய் வருகிறது' என்று அரசு வாய்விட்டுச் சொன்னது அதில்தான்.

அடுத்த ஒன்பதாவது நாள், ஆகஸ்ட் 23 விடியற்காலை, கண்ணகி நகரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண் தூய்மைப் பணியாளர் ஒருவர் தேங்கிய மழைநீரில் கால் வைத்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். புதைவட மின்கம்பி சேதமாகியிருந்தது. வேலைக்குப் போகும் வழியில் நடந்ததை வேலை விபத்தாக எடுத்துக்கொள்வதா என்பது நெடுநாள் வாதம். வழிப்பயணத்துக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டம்.

இழப்பீடு கேட்க எந்தச் சட்டத்தைப் பிடித்தாலும் முதலில் கேட்பது காகிதம்தான். அதனால் உங்கள் தெருவில் வேலை பார்க்கிற அக்காவுக்கோ அண்ணனுக்கோ அடிபட்டால் மெடிக்கல் ஷாப்பில் பஞ்சு வாங்கிக் கட்டிவிட்டு அனுப்பாதீர்கள். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், வேலையின்போது நடந்தது என்று ஏ.ஆர் போடச் சொல்லுங்கள். அந்த காப்பியை வாங்கிக் கொடுங்கள். குத்தியது ஊசி என்றால் ஹெச்.ஐ.வி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 என்ற மாதக் கணக்கில் மூன்று தவணை. நாய் கடித்திருந்தால் முதலில் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், அதன் பிறகுதான் ஆட்டோ. அன்றைய தேதி, நேரம், எந்தத் தெரு, கூட இருந்தவர் யார் என்பதை மேஸ்திரியின் வாட்ஸ்அப்புக்கு ஒரு மெசேஜாக அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் ஒரு பதிவுதான்.