ஒரு ரிவ்யூ வீடியோவால் கார் கம்பெனியே மூழ்குமா? ஃபிஸ்கர் ஓஷன் சர்ச்சையும், கார் வாங்கும் முன் நாம் கேட்க வேண்டியதும்

"மாப்ள, இந்த வீடியோவைப் பாத்துட்டு சொல்லு. எடுத்துடலாமா?"

காரைக்காலில் இருக்கும் என் மாமா சமீபத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மெசேஜ் இது. கூடவே, ஒரு பிரபலம் சொகுசு எலெக்ட்ரிக் எஸ்யூவி ஒன்றை ஓட்டிக் காட்டும் வீடியோ. மாமா இருபது வருஷம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். சேமிப்பிலிருந்து 25 லட்சம் ரூபாய் வரை ஒரு காருக்கு ஒதுக்கலாம் என்று யோசிக்கிறார். அந்த வீடியோவைப் பார்த்தவர்களில் ஒரு தரப்பு, "அவரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன?" என்கிறது. இன்னொரு தரப்பு, "இதுக்கு எவ்ளோ வாங்கினாரு?" என்கிறது. மாமாவின் கேள்விக்கு இரண்டு பக்கமும் பதில் இல்லை.

இந்தச் சண்டை புதுசு இல்லை. எலெக்ட்ரிக் கார் ரிவ்யூக்களில் உலக அளவில் அதிகம் பேசப்பட்ட ஒன்று 2024 பிப்ரவரியில் வந்தது. அந்தக் கதையை முழுசாகப் பார்த்தால் மாமாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் கிடைக்கும்.

என்ன நடந்தது?

மார்க்கஸ் பிரவுன்லீ, அமெரிக்க யூடியூபர். போன், லேப்டாப் ரிவ்யூ பார்ப்பவர்களுக்கு அறிமுகமே தேவையில்லாத பெயர். அப்போது அவருடைய முக்கிய சேனலுக்குச் சுமார் 1.8 கோடி சப்ஸ்கிரைபர்கள். கார்களுக்கென்று 'ஆட்டோ ஃபோகஸ்' என்று தனி சேனலும் நடத்துகிறார். அதில்தான் ஃபிஸ்கர் ஓஷன் என்ற எலெக்ட்ரிக் எஸ்யூவியின் ரிவ்யூ வந்தது. தான் இதுவரை ரிவ்யூ செய்ததிலேயே மோசமான கார் இதுதான் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

கார் பார்க்க அழகுதான். வடிவமைத்தவர் ஹென்ரிக் ஃபிஸ்கர். பிஎம்டபிள்யூ இசட்8, ஆஸ்டன் மார்ட்டின் டிபி9 போன்ற கார்களின் வடிவமைப்பில் பேர் வாங்கியவர். கூரையில் சோலார் பேனல், திருப்பி வைக்கக்கூடிய பெரிய ஸ்கிரீன், ஒரே பட்டனில் எல்லா ஜன்னல் கண்ணாடிகளும் இறங்கும் வசதி என்று விளம்பரத்துக்குக் குறைவில்லை. பிரவுன்லீயும் வடிவமைப்பைப் பாராட்டினார். அவர் போட்டு உடைத்தது சாஃப்ட்வேரை. சாவி தொடங்கி எச்சரிக்கை மெசேஜ் வரை தொல்லை, இந்த விலையில் எதிர்பார்க்கும் சில வசதிகள் "அப்டேட்டில் வரும்" நிலையில் இருந்தது என்று வரிசையாகப் பட்டியல் போட்டார்.

ஏன் அவ்வளவு சர்ச்சை?

கம்பெனி அவருக்குக் கார் கொடுக்கவில்லை. பெரிய சாஃப்ட்வேர் அப்டேட் வரப்போகிறது, அதுவரை பொறுங்கள் என்பது அவர்கள் தரப்பு. பிரவுன்லீ காத்திருக்காமல் ஒரு டீலரிடம் காரை இரவல் வாங்கி ஓட்டினார். அந்தக் காரில் பழைய சாஃப்ட்வேர்தான் இருந்தது.

இங்கேதான் ரியாக்‌ஷன் இரண்டாகப் பிரிந்தது. 'இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் நியாயமான ரிவ்யூ கிடைத்திருக்குமே' என்றது ஒரு பக்கம். 'ஷோரூமில் காசு கொடுத்து வாங்குபவருக்கு இன்று கிடைக்கிற கார் இதுதானே, அதைத்தானே ரிவ்யூ செய்ய வேண்டும்?' என்றது இன்னொரு பக்கம்.

வீடியோ வைரலானதும் ஃபிஸ்கரின் இன்ஜினியர் ஒருவர் அந்த டீலருக்கு போன் போட்டு விசாரித்தார். அந்த உரையாடல் பதிவாகி டிக்டாக்கில் வெளியானது. ரிவ்யூவைவிட அந்த போன்கால் கம்பெனிக்கு அதிகக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது என்று சொல்பவர்களும் உண்டு.

அப்புறம் கம்பெனிக்கு என்ன ஆச்சு?

எல்லாம் நாலே மாதத்தில் நடந்தது.

• 2024 பிப்ரவரி இறுதி: கம்பெனியைத் தொடர்ந்து நடத்த முடியுமா என்பதே சந்தேகம் என்று ஃபிஸ்கர் தானே அறிவித்தது.

• மார்ச்: உற்பத்தி நிறுத்தம். முதலீடு செய்யும் என்று எதிர்பார்த்த பெரிய கார் கம்பெனியுடன் நடந்த பேச்சு முறிந்தது. நியூயார்க் பங்குச்சந்தை வர்த்தகத்தை நிறுத்தியது.

• மார்ச் இறுதி: டாப் மாடலின் விலை 61,499 டாலரிலிருந்து 37,499 டாலராகக் குறைக்கப்பட்டது.

• ஜூன்: திவால் மனு.

அப்போ, வீடியோதான் காரணமா?

தேதிகளை வைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. பிரேக் தொடர்பான புகார்களை அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஜனவரியிலேயே விசாரிக்க ஆரம்பித்துவிட்டது. அதாவது, வீடியோ வருவதற்கு முன்பே. 2023-ல் ஃபிஸ்கருக்காகச் சுமார் 10,000 கார்கள் தயாரானதில், வாடிக்கையாளர் கைக்குப் போனது பாதிக்கும் குறைவு. விற்காத கார் ஒவ்வொன்றும் முடங்கிய பணம். ஹென்ரிக் ஃபிஸ்கரின் முந்தைய கம்பெனியும் 2013-ல் திவாலானதுதான். கப்பலில் ஓட்டை ஏற்கெனவே இருந்தது, வீடியோ அதன்மேல் டார்ச் அடித்தது.

அதே 2024 ஏப்ரலில் பிரவுன்லீ வேறொரு கருவியையும் இதேபோல் விமர்சித்தபோது, இவ்வளவு செல்வாக்கு உள்ளவர் ஒரு ஸ்டார்ட்அப்பை இப்படிப் போட்டு அடிக்கலாமா என்று கேள்வி வந்தது. மோசமான ரிவ்யூ கம்பெனிகளைக் கொல்லுமா என்று தனி வீடியோவே போட்டு அவர் பதில் சொன்னார். சாரம் இதுதான்: கொல்வது மோசமான தயாரிப்பு.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் இருக்கிறது. 2008 டிசம்பரில் பிபிசியின் 'டாப் கியர்' நிகழ்ச்சியில் ஜெரமி கிளார்க்சன் டெஸ்லா ரோட்ஸ்டரை ஓட்டினார். கம்பெனி சொன்னது 200 மைல், அதாவது சுமார் 320 கி.மீ. எங்கள் டிராக்கில் ஓட்டினால் 55 மைலிலேயே சார்ஜ் தீர்ந்துவிடும் என்றார் அவர். காரைத் தள்ளிக்கொண்டு போகும் காட்சியும் வந்தது. கார் நிற்கவே இல்லை என்று சொல்லி டெஸ்லா 2011-ல் வழக்குப் போட்டது. ரேஸ் டிராக்கில் போகும் தூரமும் சாலையில் போகும் தூரமும் ஒன்றல்ல என்பது பார்ப்பவருக்கே தெரியும் என்று லண்டன் உயர் நீதிமன்றம் கருதியது. மேல்முறையீட்டிலும் 2013-ல் டெஸ்லா தோற்றது.

ஆனால் அந்தக் கம்பெனிக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். பிரபலமான ஒருவரின் திட்டு மட்டுமே ஒரு கம்பெனியை மூடிவிடாது.

நடுவில் மாட்டியது யார்?

ரியாக்‌ஷன் சண்டையில் யூடியூபரைப் பற்றிப் பேசினார்கள், கம்பெனியைப் பற்றிப் பேசினார்கள். ஏற்கெனவே காசு கட்டிய ஆயிரக்கணக்கானோரைப் பற்றித்தான் குறைவாகப் பேசினார்கள்.

மார்ச் மாத விலைக்குறைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 24,000 டாலர். அன்றைய மதிப்பில் நம்மூர் பணத்தில் ஏறத்தாழ 20 லட்சம் ரூபாய். முந்தின வாரம் முழு விலை கொடுத்தவரின் காரின் மதிப்பு ஒரே நாளில் அவ்வளவு இறங்கியது. திவாலுக்குப் பிறகு உதிரி பாகம், சாஃப்ட்வேர் அப்டேட், சர்வீஸ் எல்லாமே கேள்விக்குறி. ரீகால் வேலைக்கான கூலியை யார் கொடுப்பது என்பதே சர்ச்சையானது. கடைசியில் உரிமையாளர்களே சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்து, தங்கள் கார்களை ஓட வைக்க வழி தேடினார்கள். விற்காமல் கிடந்த 3,000-க்கும் மேற்பட்ட கார்களை நியூயார்க்கின் வாடகைக் கார் நிறுவனம் ஒன்று மொத்தமாக வாங்கியது.

நம்ம ஊரில் இப்படி நடந்திருக்கா?

சொகுசு கார் இல்லை, ஸ்கூட்டர். ரிவ்யூ இல்லை, ஒரு போட்டோ. ஆனால் கதை அதேதான்.

2024 அக்டோபர் 6-ம் தேதி, ஸ்டாண்ட்அப் காமெடியன் குணால் கம்ரா, சர்வீஸுக்காகக் குவிந்து கிடக்கும் ஓலா எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களின் படத்தை எக்ஸ் தளத்தில் போட்டார். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் தயாராகும் அதே ஸ்கூட்டர்கள்தான். ஓலா தலைவர் பாவிஷ் அகர்வால், இது காசு வாங்கிப் போட்ட பதிவா என்று கேட்டு, கம்ராவின் காமெடி தொழிலையும் கிண்டல் செய்தார். மறுநாள் பங்கு விலை 8 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது.

அதே சமயத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஒரு வருடத்தில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு வந்திருந்த புகார்கள் 10,644. அவற்றில் 99.1 சதவீதத்தைத் தீர்த்துவிட்டோம் என்று ஓலா பின்னர் சொன்னது. ஆக, ட்வீட்டுக்கு முன்பே புகார்கள் இருந்தன. பிரபலம் வாயைத் திறந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

புகழ்ந்து பேசினால் மட்டும் நம்பலாமா?

திட்டும் வீடியோவுக்கு இருக்கும் அதே சந்தேகம் பாராட்டும் வீடியோவுக்கும் வேண்டும். 2023 ஜனவரியில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்களின்படி, கம்பெனியிடம் பணம், இலவசப் பொருள், பயணம், தள்ளுபடி என்று எது வாங்கியிருந்தாலும் பிரபலம் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வீடியோ என்றால் டிஸ்கிரிப்ஷனில் ஒளித்து வைத்தால் போதாது. காட்சியிலும் தெரிய வேண்டும், குரலிலும் வர வேண்டும். வீடியோ எந்த மொழியோ அந்த மொழியிலேயே இருக்க வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் உண்டு.

கூட்டு வைத்தாலே தப்பு என்று அர்த்தம் இல்லை. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திராவின் எலெக்ட்ரிக் எஸ்யூவிகளுக்கு ஏ.ஆர்.ரஹ்மான் ஒலி அமைத்தார். அது ஊரறிந்த விஷயம். அவர் அந்தக் காரைப் பற்றி என்ன சொன்னாலும், எந்த இடத்திலிருந்து சொல்கிறார் என்று நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டு கேட்பது வேறு, தெரியாமல் நம்புவது வேறு.

காரைக்காலில் இருந்து பார்த்தால்...

ரிவ்யூ செய்பவர் காரை ஓட்டுவது சில நாள். நாம் ஓட்டப்போவது எட்டு, பத்து வருஷம். அதுவும் காரைக்கால் மாதிரி ஒரு ஊரில், அதாவது மாவட்டம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில், சுற்றிலும் நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள். வீடியோவில் பதில் கிடைக்காத கேள்விகளை நாம்தான் கேட்க வேண்டும்.

1. சர்வீஸ் எங்கே? பக்கத்தில் ஷோரூம் இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். பேட்டரி, மோட்டார் கோளாறைச் சரிசெய்யும் ஆளும் கருவியும் எந்த ஊரில்? புதுச்சேரி சுமார் 130 கி.மீ., திருச்சி சுமார் 150 கி.மீ. வண்டியைத் தூக்கிப்போக யார் காசு?

2. ரேஞ்ச் எந்தக் கணக்கில்? சான்றிதழில் இருப்பது சோதனைக்கூட எண். ஏசி போட்டு, நாலு பேரோடு, ஹைவே வேகத்தில் குறையும். சென்னை சுமார் 300 கி.மீ. உண்மையில் 400 கி.மீ. ஓடும் கார் என்றால் போய்ச் சேரலாம். திரும்பி வர அங்கே சார்ஜ் போட்டே ஆகணும்.

3. வீட்டில் சார்ஜ் ஆகுமா? 60 யூனிட் பேட்டரிக்கு 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் எட்டரை மணி நேரம். சாதாரண 15 ஆம்ப் பிளக் என்றால் 20 மணி நேரம் பிடிக்கும். வீட்டு இணைப்பின் லோடை ஏற்ற வேண்டுமா என்று மின்துறையில் முதலில் கேளுங்கள். 2018 கஜா புயலைப் பார்த்த ஊர் இது. ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போனால் என்ன வழி என்பதையும் யோசித்து வையுங்கள்.

4. வாரன்ட்டியில் என்ன இல்லை? பல கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. தருகின்றன. தண்ணீர் புகுந்தால் செல்லுமா, வண்டியை விற்றால் அடுத்தவருக்கு மாறுமா என்று படித்துப் பாருங்கள்.

5. எது இன்றைக்கே வேலை செய்கிறது? 'அப்டேட்டில் வரும்' என்று சொல்லும் வசதியை விலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஃபிஸ்கர் கொடுத்த பாடம் இது.

வாங்கிய பிறகு பிரச்சினை வந்து, கம்பெனி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்யலாம். அதற்கு நம் பெயர் யாருக்கும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

இந்த அஞ்சு கேள்வியையும் மாமாவுக்கு அனுப்பினேன். முதல் கேள்வியோடு ஷோரூமுக்கு போன் போட்டிருக்கிறார். "ஆளே வீட்டுக்கு வருவாங்க சார்" என்று பதில் வந்ததாம். "அதை எழுத்துல குடுங்கன்னு கேட்டிருக்கேன் மாப்ள. வந்ததும் சொல்றேன்" என்றார்.

இதை எழுதும் வரை வரவில்லை. மாமாவும் அட்வான்ஸ் கட்டவில்லை.