அக்கரைச் சீமையில் அன்றாட வாழ்வு
பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

எங்கள் வகுப்பில் ஒன்பது பேருடைய தந்தையர் வளைகுடா நாடுகளில் பணிபுரிகிறார்கள். குமரி மாவட்டத்துப் பள்ளியொன்றில் இது வியப்பான செய்தியன்று. அவர்கள் அங்கே எப்படி நாளைக் கழிக்கிறார்கள் என்பது பிள்ளைகளாகிய எங்களுக்கே தெரியாமலிருந்ததுதான் வியப்பு. மிட்டாயும் சென்ட்டும் வருகின்றன, கதை வருவதில்லை. ஆகவே, சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்களிடம் நாங்களே போய்க் கேட்டோம். அவர்களுள் பெரும்பாலோர் துபாயில் இருப்பவர்கள். ஆதலால் அவ்வூரைப் பற்றியே எழுதுகிறோம்.

"புதிதாகப் போனவனைக் குழப்புவது தண்ணீர்க் குழாய்தான்" என்றார் ஒரு மாமா. நாங்கள் சிரித்துவிட்டோம். ஆனால் அவர் சொன்னது உண்மை. கோடையில் அங்கே வெப்பம் 45 டிகிரியைத் தொடும். மொட்டைமாடித் தொட்டியில் நிற்கும் நீர் வெயிலில் காய்ந்து, சாதாரணக் குழாயைத் திறந்தாலே கை சுடும். பழகியவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? வெந்நீர்க் கருவிக்குச் செல்லும் மின்சாரத்தை அணைத்துவிடுவார்கள். வீட்டினுள் இருக்கும் அக்கருவியில் நீர் தேங்கி ஆறிவிடும். ஆகவே கோடையில் வெந்நீர்க் குழாயில்தான் குளிக்கத்தக்க நீர் வரும்!

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை, திறந்த வெயிலில் வேலை வாங்குவது சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது. அதனால் கட்டட வேலைக்காரர்கள் இருட்டோடு எழுந்து பேருந்தில் ஏறுகிறார்கள். ஓர் அறையில் பலர், அடுக்குக் கட்டில், முறைவைத்துச் சமையல், அவசரத்துக்குக் குப்பூஸ் ரொட்டி. நோன்பு மாதத்தில் வேலை நேரம் இரண்டு மணி குறையும். அப்போது நம்மவரும் பகலில் பிறர் முன்னிலையில் தண்ணீர் குடிப்பதில்லை. மொழி? அரபியில் 'யல்லா', 'மாஃபி' என்று சில சொற்கள் போதுமாம், மற்றதெல்லாம் இந்தியில்தான். பள்ளியில் இந்தி படிக்காத என் தோழியின் அப்பா, பாகிஸ்தான்காரருடன் வேலை செய்து இந்தி கற்றுக்கொண்டார்!

துபாயில் தூய மரியன்னை ஆலயம் 1967-இல் திறக்கப்பட்டது. அங்கே தமிழிலும் திருப்பலி உண்டு. நெடுங்காலம் அங்கே வெள்ளிதான் விடுமுறை நாள். 2022-இல்தான் அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு என்று மாற்றினார்கள். அதனால் நம்மவர்கள் வெள்ளிக்கிழமையே பூசை காண்பது வழக்கமாயிற்று. விடுமுறையில் வந்த ஓர் அத்தை, வெள்ளிக்கிழமை காலையில் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு, "இன்னும் மணி அடிக்கவில்லையா?" என்று கேட்டாராம்.

அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. ஊருக்குப் போகிறவரிடம் கசகசா கொடுத்துவிடாதீர்கள். நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் அப்பொருள் அங்கே போதைப்பொருள் கணக்கில் சேரும், சிறைவாசம்கூட நேரலாம். சில இருமல் மருந்துகளும் அப்படியே.

இனி எழுதப்போவது சிரிப்புக்குரியதன்று. எங்கள் தோழி ஒருத்தியின் அப்பா ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடாவுக்கு வேலைக்குச் செல்ல, நம் அரசின் குடிபெயர்வு அனுமதி பெறவேண்டும். அதில் வேலை ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள், காப்பீடும் எடுக்கவேண்டும். "இதெல்லாம் வீண் அலைச்சல்" என்று சொல்லி, முகவர் ஒருவர் அவரைச் சுற்றுலா விசாவில் அனுப்பிவைத்தார். அந்த விசாவில் வேலை செய்வது குற்றம் என்று அவருக்குத் தெரியாது. நான்கு மாதம் உழைத்தார், சம்பளம் வரவில்லை, முறையிடவும் அஞ்சினார். கடனோடு திரும்பினார். அவருடைய மகள் இப்போது எங்கள் பக்கத்து மேசையில் அமர்ந்து அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். இதை எழுதச் சொன்னவளும் அவள்தான்.

ஒன்றை மறந்துவிட்டோம். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கமாக ஓடுவதால், கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பார்க்கவேண்டுமாம். அதே பழக்கத்தோடு ஊருக்கு வந்து, கடைத்தெருவில் இடப்பக்கம் பார்த்துக்கொண்டே காலை எடுத்து வைக்கிறார்கள். சிறு வயதில் எங்கள் கையை அவர்கள் பிடித்தார்கள். இப்போது விடுமுறை முடியும்வரை நாங்கள் அவர்கள் கையைப் பிடித்துக்கொள்கிறோம்.