சாம்பலும் சுமக்கும் வீட்டை!

சாம்பல் என்றதும் நம் தாய்மார்களுக்கு நினைவு வருவது பாத்திரம் தேய்க்கும் வேலைதான். தேய்த்து முடிந்தால் சாம்பல் சாக்கடைக்குப் போய்விடும்.

சாம்பலைக் கொண்டு வீடு கட்ட முடியுமா?

முடியும்! வீடு என்ன, பெரிய அணைக்கட்டே கட்டி இருக்கிறார்கள்! ஆனால் அது அடுப்புச் சாம்பல் அல்ல. அனல் மின்சார நிலையத்துச் சாம்பல்.

மலைபோல் குவியும் தூள்

மேட்டூர், தூத்துக்குடி போன்ற இடங்களில் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். நம் நாட்டு நிலக்கரியை 100 கிலோ எரித்தால், 30 முதல் 40 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். அதில் பெரும் பகுதி முகப் பவுடரைப் போன்ற நைசான தூள். புகையோடு பறப்பதால் அதற்குப் "பறக்கும் சாம்பல்" என்று பெயர்.

அந்தத் தூளைப் புகையிலிருந்து மின்சார விசையால் பிரித்து எடுக்கிறார்கள். மிஞ்சுவதைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குளம் காய்ந்தால் சாம்பல் காற்றில் பறக்கும். குழாய் உடைந்தால் ஆற்றில் கலக்கும். சென்னையை அடுத்த எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றுக்கு இந்தக் கதிதான் நேர்ந்தது. மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டினார்கள்.

"பசித்த குதிரை" அணை

இந்தத் தூளைக் காங்கிரீட்டில் கலக்கலாம் என்று அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிஸும் அவருடைய கூட்டாளிகளும் 1937-ல் சோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். பிறகு அதே நாட்டில் மொன்டானா மாநிலத்தில் 564 அடி உயர அணை ஒன்று எழுந்தது. 1953-ல் முடிந்த அந்த அணையின் பெயர் "ஹங்ரி ஹார்ஸ்". அதாவது பசித்த குதிரை!

சிமெண்டு இறுகும்போது சூடு உண்டாகும். அணை போன்ற பெரிய கட்டடத்தில் சூடு உள்ளேயே தங்கி வெடிப்பு விழச் செய்யும். சிமெண்டில் ஒரு பகுதியைக் குறைத்துச் சாம்பலைச் சேர்த்தார்கள். சூடு தணிந்தது. செலவும் குறைந்தது.

சாம்பலுக்கு வலு எப்படி?

சிமெண்டு தண்ணீரோடு சேரும்போது கொஞ்சம் சுண்ணாம்பு வெளிப்படும். அது தனியாக இருந்தால் பலம் தராது. சாம்பலில் உள்ள சிலிக்கா என்னும் பொருள் அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து, பசைபோல் இறுகிக் கல்லாகிறது. ஆனால் மெதுவாகத்தான் இறுகும். இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்!

வீடு கட்டுவோர் கவனிக்க!

கடையில் "பி.பி.சி." என்று அச்சிட்ட சிமெண்டுப் பை வாங்குகிறோம் அல்லவா? அத்தகைய சிமெண்டில் பெரும்பாலும் இந்தச் சாம்பல்தான் இருக்கிறது. 100-க்கு 15 முதல் 35 பங்கு வரை சேர்க்க அரசாங்கத் தர விதி இடம் தருகிறது. "கலப்படம்!" என்று பயப்பட வேண்டாம். ஆலையில் அளந்து, சோதித்துச் சேர்த்தது அது. அதற்காக அடுப்புச் சாம்பலை அள்ளி நீங்களே கலந்துவிடாதீர்கள்! வீடு தாங்காது.

இந்தச் சிமெண்டில் போட்ட தளத்துக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்ட வேண்டும். வெயில் காலமானால் 14 நாள். முட்டுகளையும் பலகைகளையும் பிரிக்க அவசரப்படக் கூடாது.

ஏழாம் நாளே தண்ணீரை நிறுத்திவிட்டு, பிறகு வெடிப்பு விழுந்ததென்று சாம்பலைத் திட்டாதீர்கள். குற்றம் சாம்பலுடையது அல்ல. நம் அவசரத்துடையது!