கேத்தே கோல்விட்ஸின் அச்சோவியங்கள்: கருப்பொருளும் அச்சு முறையும்

முன்னுரை

செருமானிய அச்சோவியர் கேத்தே கோல்விட்ஸ் (1867–1945) வறுமையையும் போரையும் தாயின் துயரையும் தம் படைப்புகளின் கருப்பொருளாகக் கொண்டவர். செப்புத்தகடு, கல், மரம் ஆகிய மூன்றிலும் அவர் பணியாற்றினார். கருப்பொருளுக்கேற்ப அவர் அச்சு முறையை மாற்றிக்கொண்ட விதத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

கல்லும் செம்பும்

கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்த கேத்தே, பெர்லினிலும் மியூனிக்கிலும் ஓவியம் பயின்றார். 1891இல் மருத்துவர் கார்ல் கோல்விட்ஸை மணந்து, பெர்லினில் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில் குடியேறினார். கணவரிடம் மருத்துவம் பெற வந்த பெண்களின் வாழ்வு அவருடைய கலைக்கு அடிப்படையாயிற்று.

1844ஆம் ஆண்டின் சைலீசிய நெசவாளர் கிளர்ச்சியைப் பற்றிய ஹாப்ட்மனின் நாடகத்தை 1893இல் கண்ட அவர், ‘நெசவாளர் எழுச்சி’ என்னும் ஆறு படங்களைப் படைத்தார். செப்புத்தகட்டில் மெழுகுப் பூச்சைக் கீறி, கோடுகளை அமிலத்தால் அரிக்கச் செய்யும் முறையில் அவருக்கு அப்போது போதிய தேர்ச்சியில்லை. எனவே முதல் மூன்று படங்களைக் கல்லச்சில் அமைத்தார். கல்லின்மீது கொழுப்புக் கலந்த கோலால் வரைந்து, கல்லை நீரால் நனைத்து மை தடவினால், வரைந்த இடம் மட்டுமே மையை ஏற்கும். இதனால் கையின் கோடு மாறாமல் தாளில் பதியும். எஞ்சிய மூன்றும் செப்புத்தகட்டில் அமைந்தன. 1898இல் இப்படைப்புக்குப் பதக்கம் வழங்கப் பரிந்துரைக்கப்பட்டது. பேரரசர் இரண்டாம் வில்லியம் மறுத்துவிட்டார். 1908இல் நிறைவுற்ற ‘உழவர் போர்’ வரிசையின் ஏழு படங்களும் செப்புத்தகட்டுப் படைப்புகளே.

மரம்

1914இல் இளைய மகன் பீட்டர் போரில் சேர விரும்பினார். உரிய வயது நிரம்பாததால் தந்தையின் இசைவு தேவைப்பட்டது. தயங்கிய கணவரை இணங்கச் செய்தவர் கேத்தேயே. அவ்வாண்டு அக்டோபரில் பீட்டர் பெல்ஜியத்தில் மாண்டார்.

இத்துயரைப் படமாக்கப் பழைய முறைகள் அவருக்குப் போதவில்லை. 1920இல் எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைக் கண்டபின் அவர் அம்முறையைக் கைக்கொண்டார். 1923இல் வெளிவந்த ‘போர்’ வரிசையின் ஏழு மரச்செதுக்குகளிலும் போர்க்களம் இல்லை. குழந்தையை ஏந்தித் தரும் தாய், கைம்பெண், மகனை இழந்த பெற்றோர் ஆகியோர் அவற்றில் இடம்பெறுகின்றனர். மரச்செதுக்கில் நுண்ணிய சாயல்களுக்கு இடம் குறைவு. கருமையும் வெண்மையும் நேருக்குநேர் நிற்கும். ஆறுதலுக்கு இடந்தராத அவ்விழப்பிற்கு அம்முறை பொருந்தியது.

மீண்டும் கல்

பலரையும் சென்றடைய வேண்டிய சுவரொட்டிகளுக்கு அவர் கல்லச்சையே நாடினார். ‘இனி ஒருபோதும் போர் வேண்டா’ (1924) அவ்வகையினது. 1919இல் பிரஷ்யக் கலைக்கழகத்தின் உறுப்பினரான அவரை 1933இல் நாசி ஆட்சி பதவி விலகச் செய்தது. அதன்பின் ‘மரணம்’ என்னும் எட்டுக் கல்லச்சுப் படங்களைப் படைத்தார். இறுதிக் கல்லச்சான ‘விதைத் தானியத்தை அரைத்தல் ஆகாது’ (1941–42) என்பதில், தாயொருத்தி சிறுவர்களைத் தன் கைகளுக்குள் அடக்கிக் காக்கிறாள். 1942இல் அவருடைய பெயரன் பீட்டரும் போரில் இறந்தார்.

முடிவுரை

போர் முடிவதற்குச் சில நாள்களுக்கு முன், 1945 ஏப்ரல் 22இல் கேத்தே மறைந்தார். அவர் அச்சு முறையைத் தேர்ந்தது வெறும் தொழில்நுட்பத் தேர்வன்று. 1914இல் மகனை அனுப்ப இசைந்த தாய், இறுதிக் கல்லில் எந்தச் சிறுவனையும் விட மறுக்கும் தாயை வரைந்தார். அம்மறுப்பு பலரிடம் சேர வேண்டியிருந்தது. அதற்குக் கல்லச்சே உற்ற கருவியாயிற்று.